நாய்க்குட்டி வளர்க்க அடி வேண்டாம், நேரம் பார்த்தால் போதும்

(மடவார் வளாகத்தில் நடைபெற்ற கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். கடைசியில் எனக்குப் பத்து நிமிடம் கேட்டிருந்தேன். நாய்க்குட்டியைப் பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் பின்னாடி இருக்கிற அக்காமார் சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் இது சிரிப்போடு முடிகிற விஷயம் இல்லை.

போன மாதம் ஒரு உறுப்பினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அக்கா கையில் விளக்குமாறு. கட்டிலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு குட்டி நடுங்கிக்கிட்டு இருந்தது. "ஒரு நாளைக்கு ஏழு தடவை அள்ளுறேன். பையன் ஆசைப்பட்டான், வாங்கியாச்சு. அவன் பள்ளிக்கூடம் போயிடுறான். எங்க வீட்டுக்காரரு, கண்மாய்க் கரையில விட்டுட்டு வந்துருவோம்ங்கிறாரு" என்று சொன்னார். அதே வாரம் இன்னும் ரெண்டு வீட்டில் இதே பேச்சைக் கேட்டேன்.

நாய் நமக்குப் புதுசா? பக்கத்தில் இருக்கிற ராஜபாளையத்தின் பேரில் ஒரு நாய் இனமே இருக்கிறது. 2005-ம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது. ஆனால் அது காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்த பெரிய நாய். ஓடுவதற்குத் தோட்டம் வேண்டும். தோட்டத்து நாய்க்கு எங்கே ஒண்ணுக்குப் போகணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இப்போது ஒரு அறை, ரெண்டு அறை வீட்டில் இருக்கிறவர்கள் சின்ன ரகக் குட்டி வாங்குகிறோம். பொமரேனியன் என்று நம்மிடம் விற்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். வீட்டுக்குள்ளேயே வளர்கிற குட்டிக்குப் பழக்கம் சொல்லித் தரணும். நமக்குத் தெரியாமல் இருப்பது அது ஒன்றுதான்.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். குட்டி திமிருக்காக நடு வீட்டில் போவதில்லை. அதால் அடக்க முடியாது. ரெண்டு மாதக் குட்டி மிஞ்சிப்போனால் ரெண்டு, மூணு மணி நேரம் தாங்கும். மூணு மாதம் ஆனால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். சின்ன ரகத்துக்கு மூத்திரப் பையும் சின்னது. தவழுற பிள்ளை பாயை நனைத்தால் நாம் விளக்குமாறு எடுக்கிறோமா?

இதற்கு நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்தில், விளையாடி முடித்தவுடன், ராத்திரி படுக்கும் முன்னால் - இந்த நாலு வேளையும் வெளியே தூக்கிப் போங்கள். இது போக, விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை. எப்போதும் ஒரே இடம். வீட்டுப் பின்னாடி மண் தரை இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு மூலையில் பழைய சாக்கு. அதன் வாசனை பிடித்து அடுத்த முறை தானாக அங்கே போகும். போய் முடித்த அந்த நொடியில் தடவிக் கொடுத்து, "நல்ல பிள்ளை" என்று சொல்லுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொஞ்சினால் எதற்குக் கொஞ்சுகிறோம் என்று அதற்குத் தெரியாது.

தரையை மோந்துக்கிட்டே வட்டம் சுற்றினால் அதுதான் அடையாளம். உடனே தூக்குங்கள். உள்ளேயே போய்விட்டதா? பேசாமல் துடையுங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது, அடிப்பது ரெண்டுமே வேண்டாம். அடி வாங்கின குட்டி "வீட்டுக்குள் போகக் கூடாது" என்று படிக்காது. "அம்மா கண்ணில் படாமல் போகணும்" என்றுதான் படிக்கும். அப்புறம் கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னாடி போகும். துடைத்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் ஒரு தடவை துடைத்தால் வாசனை போகும். வாசனை இருந்தால் மறுபடியும் அங்கேயே வரும்.

நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான குட்டிகள் பழகிவிடும். அதுவரை பொறுமை வேண்டும்.

ஆனால் யாருடைய பொறுமை? இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆசை பையனுக்கு, காசு அப்பாவுக்கு, அள்ளுகிற வேலை மட்டும் நமக்கு. கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபம்தான் விளக்குமாறாகக் குட்டி மேல் விழுகிறது. அதனால் வேலையைப் பிரியுங்கள். காலையில் எழுந்ததும் பையன், மதியம் வீட்டில் இருக்கிறவர், ராத்திரி வீட்டுக்காரர். நாள்காட்டிப் பக்கத்தில் ஒரு தாளில் பேரை எழுதி ஒட்டுங்கள். நம்ம குழுவில் வருகைப் பதிவேடு வைக்கிற மாதிரிதான்.

அடுத்து சுத்தம். முடி அடர்ந்த குட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீப்பு போடணும். இல்லாவிட்டால் சிக்கு விழுந்து, அடியில் புண் வரும். சீவும்போதே காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பக்கம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி மருந்தை டாக்டரிடம் கேட்டுத்தான் போடணும். பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் எதையும் தடவாதீர்கள். நக்கினால் விஷம். குளிப்பாட்டுவது மூணு, நாலு வாரத்துக்கு ஒரு தடவை போதும். நாய்க்கு என்று விற்கிற ஷாம்பூ வேண்டும், நம்ம சோப்பு அதன் தோலுக்கு ஆகாது. காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்து, நன்றாக உலர்த்துங்கள். வெயில் காலம் என்று முடியை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். அந்த முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. நிழலும், எப்போதும் தண்ணீரும் இருந்தால் போதும். மத்தியானம் சிமெண்ட் ரோட்டில் நடத்தக் கூடாது.

நம்ம ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது: பால்கோவா கொடுக்காதீர்கள். இனிப்பும் பாலும் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். நமக்கு வாங்கின காய்ச்சல் மாத்திரையும் கொடுக்கக் கூடாது.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு குட்டி வளர்த்தேன். முதல் ஊசி போட்டேன். அடுத்த ஊசிக்குத் தேதி வந்தது. களப்பணி, கூட்டம்னு தள்ளிப் போட்டேன். தெருவிலும் நடக்க விட்டேன். ஒரு நாள் வாந்தி, அப்புறம் ரத்தமாக வயிற்றுப்போக்கு. பார்வோ என்றார்கள். மூணே நாள். ஊருக்கெல்லாம் பதிவேட்டைச் சரியா எழுதுங்கன்னு சொல்ற நான், ஒரு தேதியை மறந்தேன்.

அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நம்ம செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். அதனால் ஊசி எல்லாம் முடியும்வரை குட்டியைத் தெருவில் விட வேண்டாம். ஒண்ணுக்குப் போகிற இடம் நம்ம வீட்டு எல்லைக்குள்ளேயே இருக்கட்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. பிறகு மூணு, நாலு வாரத்துக்கு ஒன்று, நாலு மாதம் ஆகும்வரை. குடல்புழு மருந்தும் உண்டு. வெறிநாய்க்கடி ஊசி மூணு மாதத்தில் ஆரம்பித்து, பிறகு வருடம் தவறாமல் போடணும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு, தேதிகளைக் கடன் அட்டை வைத்திருக்கிற பையிலேயே எழுதி வையுங்கள்.

வெறிநோய் வந்துவிட்டால் மனிதருக்கும் சிகிச்சை இல்லை, சாவுதான். உலகத்தில் மனிதருக்கு வருகிற வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால்தான் வருகிறது. ஆனால் ஊசியால் முழுக்கத் தடுக்கலாம். 1885-ல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு அந்த ஊசியைப் போட்டுக் காப்பாற்றினார். அவர் இறந்த நாளான செப்டம்பர் 28-ஐத்தான் உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். நம்ம வீட்டுக் குட்டிதானேன்னு நினைக்காதீர்கள். பல் பட்டாலும், நகம் கீறினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். சொன்ன தேதி எல்லாவற்றிலும் ஊசி போட்டு முடிக்கணும்.

கண்மாய்க் கரையில் விடுகிற குட்டி பசியில் சாகும். தப்பித்தால் ஊசி போடாத தெரு நாயாகும். நாளைக்கு அது கடிப்பது நம்ம தெருப் பிள்ளையை. வளர்க்க முடியவில்லை என்றால் வளர்க்கிறவர் கையில் ஒப்படையுங்கள், ரோட்டில் விடாதீர்கள்.

இனிமேல் வாங்க நினைக்கிறவர்களுக்கு மூன்று வார்த்தை. எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள். அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், திரும்புகிறதா என்று. வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் காது கேட்காதவையும் உண்டு. உள்கடன் எடுத்து நாய் வாங்க வேண்டாம். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் எவ்வளவு ஆகும் என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

அந்த விளக்குமாறு அக்கா இன்னைக்கும் வந்திருக்காங்க. பேரைச் சொல்ல மாட்டேன். வீட்டில் தாள் ஒட்டியாச்சாம். காலையில் பையன் எழுந்திரிக்கிறானாம். ஏழு தடவை இப்போது ரெண்டு தடவையாகியிருக்கு. வீட்டுக்காரரு ராத்திரி முறையை இன்னும் ஏமாத்துறாராம். அதை அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்ப்போம்.