முழங்கால் வலியும் கூச்சமும்



உடல் எடை குறைய இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அன்பர்கள் நம்மிடையே உண்டு. எடை குறைந்தாலும் தேய்ந்த மூட்டின் வலி முழுவதும் நீங்குவதில்லை.

அப்படிப்பட்ட என் நண்பர் ஒருவர் தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தார். பின்பு பழைய பழக்கத்தில் பல நாள் ஐபுபுரூஃபென் உட்கொண்டார். மலம் கறுத்த பிறகே மருத்துவமனைக்குச் சென்றார். இரைப்பையும் குடலும் இணைத்த இடத்தில் புண்! டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் மாத்திரைகளாலும் இவ்வாபத்து உண்டு.

இத்தகையோருக்குப் பாரசிட்டமாலே முதல் துணை. பெரியவர்களுக்கும் அது நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டலாகாது; சளி மாத்திரைகள் சிலவற்றிலும் கலந்திருப்பதால் சேர்த்தே கணக்கிடுங்கள். கல்லீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். கால் தசைகளுக்கான பயிற்சியும் வலியைத் தணிக்கும்.

சிராங்கூன் சாலை மருந்துக் கடையாயினும் கிளினிக்காயினும், அறுவை சிகிச்சை நடந்ததை முதலில் சொல்லுங்கள். நண்பர் கூச்சத்தால் சொல்லவில்லை, நாம் சொல்வோம்.