ஒற்றைக் காலில் நிற்கும் இறால்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விலங்கியல் படித்துவிட்டு இறால் உரிக்கப் போனவர்" என்று செயலாளர் என்னை அறிமுகம் செய்தார். கொஞ்சம் உண்மைதான். ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் என் காலமெல்லாம் போயிற்று. நம் நாட்டுக் கடல் உணவுத் தொழில் எப்படி இருக்கிறது என்று பேசச் சொன்னார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. 2024-25-இல் இந்தியா சுமார் 17 லட்சம் டன் கடல் உணவை ஏற்றுமதி செய்தது. மதிப்பு 62,408 கோடி ரூபாய். ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். அதில் 43,334 கோடி உறைய வைத்த இறாலுக்கு மட்டும். ரூபாய்க்கு ஏறக்குறைய எழுபது காசு ஒரே சரக்கிலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி வனாமி என்ற ஒரே இனம். வாங்குகிறவர்களில் முதலிடம் அமெரிக்கா. கடல் உணவு என்று பெயர்தானே தவிர, இந்த இறால் கடலைப் பார்த்ததே இல்லை. பெரும்பாலும் ஆந்திராவில் குளம் வெட்டி வளர்த்தது!

இந்த இறால் மோகம் இன்று நேற்று வந்ததல்ல. 1950-களில் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் வந்தது. மீனவர் வாழ்வு உயரட்டும் என்றுதான் தொடங்கினார்கள். அமெரிக்கா இறாலுக்கு நல்ல விலை கொடுத்ததும் விசைப்படகும் இழுவலையும் அதன் பின்னாலேயே ஓடின. பிறகு 1990-களில் டைகர் இறால் பண்ணைகள். வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாகச் செத்து மிதந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2009-இல் வனாமிக்கு அனுமதி கிடைத்ததும் தொழில் மறுபடி எழுந்தது.

வனாமி நம் ஊர் இறால் அல்ல. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையோரத்தைச் சேர்ந்தது. நோயற்ற தாய் இறாலை விமானத்தில் கொண்டுவந்து, சென்னை நீலாங்கரையில் தனியே வைத்துச் சோதித்த பிறகே குஞ்சு பொரிப்பகத்துக்கு அனுப்புவார்கள். அந்தத் தாய் இறாலும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. தாயும் அங்கிருந்து, பிள்ளையும் அங்கே விற்பனைக்கு! 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, குளத்து மேட்டில் நின்ற விவசாயிக்கு இதன் அர்த்தம் புரிந்தது. வளர்ந்த இறாலைக் குளத்தில் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? தீவனம் போட்டாக வேண்டும், ஏரேட்டர் ஓட்டியாக வேண்டும், நோய் வருமோ என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. 2000-களின் தொடக்கத்தில் எங்கள் கன்டெய்னர் ஒன்று ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்தது. நைட்ரோபியூரான் மருந்தின் எச்சம் இருந்ததாம். எவ்வளவு தெரியுமா? நூறு கோடியில் ஒரு பங்கு என்கிற அளவில். பண்ணைக்காரரைத் தேடிப் போனேன். "சார், கடைக்காரர் குடுத்தார், போட்டேன். எனக்கென்ன தெரியும்?" என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. வாங்கும்போது சோதித்திருக்க வேண்டியவன் நான்தான். மூன்று வாரம் தொழிற்சாலை ஓடவில்லை. முதலாளிக்கு இன்ஷூரன்ஸ், எனக்கு மாதச் சம்பளம். இறால் உரிக்கும் பெண்களுக்கு எடைக்குத்தான் கூலி. இறால் வராவிட்டால் காசு கிடையாது. தினமும் காலையில் கேட்டுக்கு வந்து, "இன்னிக்காவது லோடு வருமா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். அந்த மூன்று வாரமும் நான் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன்.

சரி, கடலுக்கு வருவோம். 2012-இல் நாட்டின் கடல் மீன்பிடிப்பு சுமார் 39 லட்சம் டன். 2024-இல் சுமார் 35 லட்சம். கேரளத்தின் மத்தி 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்தது, 2021-இல் வெறும் 3,300 டன் அளவுக்கு விழுந்தது. மத்தியின் ஏற்ற இறக்கத்துக்குக் கடலின் தட்பவெப்பமும் காரணம், மனிதனை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் சின்னக் கண்ணி வலையில் குஞ்சும் குளுவானும் வாரி, சங்காயம் என்று மீன்மாவு ஆலைக்குத் தள்ளுகிறோமே, அது நம் வேலைதான். அந்த மாவில் ஒரு பங்கு இறால் தீவனமாகிறது.

வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லையென்று 2019-இல் நம் கடல் இறாலை வாங்குவதை அமெரிக்கா நிறுத்தியது. ஆமையோடு மீனும் போய்விடுமே என்பது படகுக்காரர் கவலை. அதைக் கேலி செய்யக் கூடாது. ஏற்கெனவே நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. டீசல் கடனோடு கடலுக்குப் போகிறவர்கள் அவர்கள்.

என்ன செய்யலாம்? உள்ளூரில் இறால் விற்பதை ஏற்றுமதியாளர்கள் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. வெளிச்சந்தை முகம் திருப்பினால் விற்க நமக்கு வேறு கடை இல்லை. இன்னொன்று, சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நம் கடலின் வெள்ளை இறாலைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் வேலையைத் தொடங்கியது. பொறுமையான வேலை. மரபியல் வகுப்பில் தூங்காத பிள்ளைகள் அங்கே தேவை. (நான் தூங்கியவன், பேராசிரியர் முன்வரிசையில் இருக்கிறார், மன்னிக்கவும்.)

தொழிற்சாலையைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள், ஏற்பாடு செய்கிறேன். முதலில் உரிக்கும் கொட்டகையைக் காட்டுவேன், பிறகு குளிர் அறை. அங்கே மைனஸ் 18 டிகிரி. ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வாருங்கள்.