வளைந்த கோல்



சாயங்காலம் சிவகிரியிலிருந்து ராயகிரிக்கு வரும் வழியில், ஓடைக்கரையில் ஒரு பெரியவர் தொரட்டிக் கம்பால் கருவேலங்கொப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரிய ஆடுகள் அண்ணாந்து தின்றன. குட்டிகளுக்கு எட்டவில்லை. கொப்பை இன்னும் தாழ இழுத்தார். கை நடுங்கியது, விடவில்லை. பேராயர் பிடிக்கிற கோலின் தலையும் அப்படித்தானே வளைந்திருக்கிறது!

கடலோரத்தில் ஆண்டவர் பேதுருவிடம் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று தரம் கேட்டார், மூன்று தரம் தம் மந்தையை ஒப்படைத்தார். மூன்று தரமும் ‘என்’ ஆடுகள் என்றுதான் சொன்னார். உன் ஆடுகள் என்று ஒரு தரமாவது சொன்னாரா? பேதுரு அதை மறக்கவில்லை. வயதான காலத்தில் மூப்பர்களுக்கு எழுதுகிறபோது, மந்தையை அடக்கி ஆளாதீர்கள், மாதிரியாய் இருங்கள் என்று மன்றாடினார்.

நம் சீமையில் இதை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் பாளையங்கோட்டையில் நம்மவர்களே காசு போட்டு இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர். பிறகு அவரே தெலுங்கு நாட்டுக்குப் போய், பாஷை படித்து, தோர்ணக்கல்லில் குடியிருந்தார். 1912-இல் கல்கத்தாவில் பேராயராய் அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

1919 மே மாதம், நல்ல வெயில் காலம். சபைகள் ஒன்றாவதைப் பற்றிப் பேச, அசரியா உட்பட வெவ்வேறு சபைகளின் ஊழியர்கள் 33 பேர் தரங்கம்பாடியில் கூடினார்கள். இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர்கள். வெள்ளைக்காரன் ஊரில் என்றோ நடந்த சண்டைக்கு எங்கள் ஊர்க்காரன் ஏன் பிரிந்து நிற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி. சபைகள் ஒன்றாக வேண்டும் என்று இரண்டே நாளில் அறிக்கை எழுதிவிட்டார்கள். ஆனால் அது நிறைவேற 28 வருஷம் ஆனது.

ஏன் இத்தனை வருஷம்? இயேசு யார் என்பதில் தகராறு இல்லை. மேய்ப்பன் யார் என்பதில்தான் தகராறு! பேராயர் கையால் அபிஷேகம் பெறாதவர் குருவானவர்தானா என்று ஒரு பக்கம். எங்களுக்குப் பேராயரே எதற்கு என்று மறுபக்கம். கடைசியில் இரண்டு பக்கமும் இறங்கி வந்தன. ஊழியத்தில் இருந்த எல்லா ஐயர்மாரையும் மறு அபிஷேகம் கேட்காமல் அப்படியே ஏற்றார்கள். இனிமேல் அபிஷேகம் பேராயர் கையால் என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைப் பார்க்க அசரியா இல்லை. 1945 ஜனவரி 1-ஆம் தேதியே கண் மூடிவிட்டார். தரங்கம்பாடி லுத்தரன் சகோதரர்கள் இன்றுவரை அதில் சேரவில்லை என்பதும் எனக்கு ஆறாத வருத்தம்.

பிள்ளைகளே, அப்படிச் சேர்ந்த சபைகளிலும் இன்று தேர்தல் வந்தால் அணி பிரிகிறது. வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் வைத்த சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கொரிந்தியர் பிரிந்தபோது பவுல் யாருக்காகப் பதறினார்? தன் பேரைச் சொன்னவர்களையும் சேர்த்தல்லவா கடிந்துகொண்டார்! தன் அணியைத் தானே கலைக்கிற தைரியம் அவருக்கு இருந்தது. ஐயர்மாரே, அந்தத் தைரியத்தை உங்களிடம் கேட்கத்தான் வந்தேன்.

பெரிதாய் ஒன்றும் வேண்டாம். கிறிஸ்துமஸ் வருகிறது. சபைக்கு ஒரு பாட்டுக்குழு, ஆளுக்கொரு ட்ரம், ஒருவருக்கு முன் ஒருவர் ஓட்டம். இந்த வருஷம் ராயகிரியில் ஒரே குழுவாய்ப் புறப்படுங்கள். முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு குருவானவரும் பாஸ்டரும் சேர்ந்து நடக்கட்டும். எந்தச் சபைக்குழுவும் இதுவரை நிற்காத தெரு ஒன்று இருக்குமே, அது எதுவென்று உங்களுக்கே தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள்.