எஜமானி அரீனா பெத்ரோவ்னா
(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரை)



இன்று நாம் ஒரு நாவலில் வரும் பெண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆலையில் ஷிப்டு முடித்தும், வயலில் நடவு முடித்தும் வந்து உட்கார்ந்திருக்கிற நமக்கு எதற்கு நாவல் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்மை அடக்கி ஆள்கிறவர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறோம். அவர்களுடைய வீட்டுக்குள் என்ன நடக்கிறது, மனதுக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. நல்ல நாவல் அந்தக் கதவைத் திறந்து காட்டுகிறது.

நாவலின் பெயர் 'கொலவ்லியோவ் குடும்பம்'. 1880-ல் புத்தகமாக வந்தது. எழுதியவர் ருஷ்ய எழுத்தாளர் சல்திகோவ்-ஷெட்ரின். 1826-ல் பிறந்து 1889-ல் மறைந்தார். பிறந்தது நிலப்பிரபுக் குடும்பத்தில். எழுதியது நிலப்பிரபுக்களைத் தோலுரித்து. இந்த நாவலின் எஜமானி அம்மாளுக்கு அவருடைய சொந்தத் தாயின் சாயல் உண்டு. லெனின் தமது எழுத்துக்களில் ஷெட்ரினின் பாத்திரங்களைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டிருக்கிறார்.

யார் இந்த எஜமானி? பெயர் அரீனா பெத்ரோவ்னா. கணவன் குடிகாரன், படுக்கையில் கிடந்தபடி ஆபாசக் கவி கட்டிக்கொண்டிருப்பான். பண்ணை முழுவதையும் அவளே கையில் எடுத்துக்கொள்கிறாள். சொத்தைப் பத்து மடங்காகப் பெருக்குகிறாள். காரியஸ்தன் முதல் பெற்ற பிள்ளைகள் வரை அவள் பார்வைக்கு முன்னால் நடுங்குகிறார்கள்.

அன்றைய ருஷ்யாவில் சொத்து என்றால் என்ன? 1861-ல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்படும் வரை, நிலத்தோடு மனிதனும் சொத்து. ஒரு பிரபுவுக்கு இத்தனை 'உயிர்' என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் ஆண்கள் மட்டுமே சேர்த்தி. உழைக்கிற பெண் எண்ணிக்கையில்கூட வரமாட்டாள். ஆனால் 1753 முதலே பிரபு குலத்து மணமான பெண் தன் சொத்தைத் தானே ஆளச் சட்டம் இடம் கொடுத்தது. இரண்டு பேரும் பெண்கள்தான். ஒருத்தி கணக்கில் இல்லாதவள். இன்னொருத்தி கணக்கை எழுதுகிறவள்.

அரீனா பெத்ரோவ்னாவின் வாயில் 'குடும்பம்' என்ற சொல் ஓய்வதே இல்லை. ஆனால் குடும்பத்தை எப்படி நடத்துகிறாள்? பண்ணையை நடத்துவது போலவே நடத்துகிறாள். பிள்ளைகளுக்கு ஒரு 'துண்டை' எறிந்து கணக்குத் தீர்ப்பது அவள் வழக்கம். மூத்தவன் ஸ்டெபானுக்கு மாஸ்கோவில் 12,000 ரூபிளுக்கு வீடு வாங்கித் தருகிறாள். அது கடனுக்காக 8,000 ரூபிளுக்கு ஏலம் போகிறது. மகன் வெறுங்கையோடு திரும்புகிறான். அவள் மற்ற இரண்டு பிள்ளைகளையும் அழைத்து விசாரணை நடத்துகிறாள்! பெற்ற மகன் பண்ணைக் கச்சேரிக் கட்டிடத்தின் ஓர் அறையில் மிச்சம் மீதியைத் தின்று, குடித்து, பேச்சற்றுப்போய்ச் சாகிறான்.

அந்த வீட்டின் நிலவறைகளில் தின்பண்டங்கள் குவிந்து கிடக்கின்றன. நல்லதைத் தொட விடமாட்டாள். கெட்டுப்போனதைத்தான் வேலையாட்களுக்குப் போடுவாள். யாருக்காகச் சேர்க்கிறேன் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். பதில் கிடைப்பதில்லை. ஆனாலும் சேர்ப்பதை நிறுத்துவதில்லை.

தோழர்களே, இதைப் படித்துவிட்டு, "பெண் கையில் அதிகாரம் போனால் இப்படித்தான்" என்று சொல்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. அது சரிதானா? நாவலே பதில் சொல்கிறது.

பண்ணையடிமை முறை ஒழியப்போகிறது என்ற பேச்சும் அதற்கான ஏற்பாடுகளும் வருகின்றன. அடிமைகள் மீது இருந்த ஆணை போகப்போகிறது. அவள் கலங்கிப் போகிறாள். சொத்தை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறாள். இனிக்கப் பேசும் நடு மகன் போர்பிரிக்கு நல்ல பங்கு. தன் கையில் வைத்திருந்த ரொக்கத்தையும் அவனுக்கு நிலம் வாங்கியே கரைக்கிறாள். கரைந்ததும் மகன் கணக்குக் கேட்கிறான். எப்படிக் கணக்கு எழுத வேண்டும் என்று மாதிரிப் படிவமும் அனுப்புகிறான்! கடைசி மகன் இறந்து அந்த வீட்டைவிட்டுத் தாய் புறப்படும்போது, அவள் ஏறிப்போகும் வண்டி எப்படித் திரும்பி வரும் என்று கேட்கிறான். தாய் மகனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான். அவன் நன்றாகவே படித்திருந்தான்.

பிறகு அந்தச் சிங்கம் என்ன ஆகிறது? பாழடைந்த சிற்றூர் ஒன்றில் தனியே கிடக்கிறாள். நல்ல சாப்பாட்டுக்காக அதே மகன் வீட்டுக்குப் போய், அவன் முகம் பார்த்துப் பேசுகிற ஒண்டிக்கட்டை ஆகிறாள். அடக்கி ஆள்வது அவளுடைய பிறவிக் குணமாக இருந்தால், அது எங்கே போயிற்று? சொத்தோடு வந்தது, சொத்தோடு போயிற்று. அதே சொத்து கைமாறியபோது ஆண்பிள்ளை போர்பிரி அவளைவிட நூறு மடங்கு கொடியவன் ஆனான். ஆகவே இதில் பெண் என்றும் ஆண் என்றும் இல்லை. மனிதனை உடைமையாக வைத்திருந்த கை, பெற்ற பிள்ளையையும் உடைமையாகவே பிடித்தது.

அப்படியானால் அவள்மேல் குற்றமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. கெட்ட இறைச்சியை எடுத்துக் கொடுத்தது அவள் கைதான். ஒரு சமயம் அவளே விழித்துக்கொள்கிறாள். படைப்பணத்தில் 3,000 ரூபிளைச் சூதில் தோற்ற பேரன், தகப்பன் போர்பிரியிடம் உதவி கேட்டு நிற்கிறான். தகப்பன் கைவிரிக்கிறான். அப்போது கிழவி எழுந்து மகனைச் சபிக்கிறாள். ஸ்டெபானின் முகம் அவளுக்கு அன்று தெரிந்திருக்கும் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் காலம் கடந்துவிட்டது. விரைவிலேயே இறந்து போகிறாள். நாம் அவளுக்காக இரக்கப்படலாம். அவளுடைய பண்ணையில் பெயரில்லாமல் செத்தவர்களை மறந்துவிட்டு இரக்கப்படக் கூடாது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. கூலிக்காகக் குரல் உயர்த்துகிற நம் சகோதரியை 'அடங்காப்பிடாரி' என்று பேசுகிறவர்கள், அவளை அரீனா பெத்ரோவ்னாவோடு சேர்க்க வேண்டாம். உரிமை கேட்பது வேறு, ஆளை உடைமையாக்குவது வேறு. அடுத்தது: ஆலை வாசலில் எஜமானை எதிர்த்துக் கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அங்கே மனைவிக்கு, மருமகளுக்கு, வயதான தாய்க்கு நாம் எறிவது துண்டா, கொடுப்பது பங்கா? அந்தக் கேள்வியை இன்று இரவு சோற்றுக்கு முன்னால் உட்காரும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.