காசு துழாவும் பொறியும் வீட்டு மின்கணக்கும்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



"வீட்டு மூலையில் ஒரு பொறியை நிறுத்துக, மின்னிணைப்புத் தருக, உறங்கச் செல்க, விடிந்தால் காசு முளைத்திருக்கும்" என்னும் ஆசையுரை இன்று நகரிலும் சிற்றூரிலும் இளைஞர்தம் செவிகளில் ஓதப்படுகின்றது. வேலை கிடையாது வாடும் பட்டதாரிக்கு அது தேனாக இனிக்கின்றது. கடன்பட்டேனும், தாயின் கழுத்தணியை அடகு வைத்தேனும் அப்பொறியை வாங்கத் துடிப்பார் உளர். அவர்கள் பொறியின் விலையைக் கேட்கின்றனர். காசின் விலையைக் கேட்கின்றனர். மின்னின் விலையைக் கேட்பவர் அரியர். இப்பொழிவு அம்மூன்றாம் விலையைப் பற்றியது.

முதற்கண் பெயரைப் பார்ப்பது நன்று. இத்தொழிலுக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் 'மைனிங்' என்பது. சுரங்கம் அகழ்தல் என்று அதனைத் தமிழில் பெயர்த்து வழங்குவாரும் உளர். பெயர்ப்பிற் பிழையில்லை, மூலப்பெயரே பொய்ப்பெயர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அகழ்கின்றனர். கோலாரில் பொன் அகழ்ந்தனர். ஆங்கெல்லாம் மண்ணின் அடியில் ஒரு பொருள் கிடந்தது. இங்கோ அடியில் ஒன்றுமில்லை. பொறி செய்யும் வேலை ஒன்றே. ஓர் எண்ணை எடுத்துக் கணக்கில் இட்டுப் பார்க்கின்றது. விடை குறித்த எல்லைக்குள் விழவில்லையெனின் அதனை எறிந்துவிட்டு அடுத்த எண்ணை எடுக்கின்றது. இருட்டறையில் விழுந்த ஊசியைக் கையால் துழாவுவது போன்றது இது. ஆகலின் இங்கு அதனைத் துழாவல் என்றும், பொறியைத் துழாவுபொறி என்றும் வழங்குவதே பொருந்தும். 'வீட்டிலேயே சுரங்கம் வைத்திருக்கின்றான்' என்றால் ஊரார் வியப்பர். 'வீட்டிலேயே துழாவிக்கொண்டிருக்கின்றான்' என்றால் 'என்ன கிடைத்தது?' என்று கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

பிட்காயின் என்பது எவ்வரசும் அச்சிடாத காசு. உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் கூடிக் காக்கும் ஒரு பேரேட்டில் மட்டுமே அது வாழ்கின்றது. சடோசி நகமோட்டோ என்னும் புனைபெயரினர் 2008 அக்டோபரில் அதன் திட்டத்தை வெளியிட்டார். 2009 சனவரி 3ஆம் நாள் பேரேட்டின் முதல் ஏடு எழுதப்பட்டது. பத்து மணித்துளிக்கு ஓர் ஏடு என்பது ஏற்பாடு. ஏட்டை மூடவல்ல எண்ணை முதலில் துழாவிக் கண்டவர்க்குப் பரிசு உண்டு. தொடக்கத்தில் 50 காசாக இருந்த அப்பரிசு 2012, 2016, 2020 ஆண்டுகளில் பாதி பாதியாகக் குறைந்து, 2024 ஏப்பிரலில் 3.125 காசாயிற்று.

துழாவுவோர் பெருகினால் ஏடுகளும் விரைந்து மூடப்படுமே எனின், அஃதில்லை. 2016 ஏடுகட்கு ஒருமுறை, அஃதாவது ஏறத்தாழ இரு கிழமைக்கு ஒருமுறை, புதிரின் கடுமை தானே திருத்தப்பெறுகின்றது. எத்தனை பொறிகள் வந்து சேரினும் விளைச்சல் அதே பத்து மணித்துளிக்கு ஒன்றுதான்; பங்கு கேட்போர் மட்டுமே பெருகுவர். ஆள் மிகுந்தால் விளைச்சல் மிகாது, அவரவர் பங்கு மட்டும் சுருங்கும் நிலத்தில் எந்த உழவனேனும் இறங்குவானா?

இனி மின்னுக்கு வருவோம். வீட்டில் வைக்கப்பெறும் துழாவுபொறிகள் இருவகை. படம் வரைவதற்கென அமைந்த அட்டைகளை, அஃதாவது கடைக்காரர் கிராபிக்சு கார்டு என்னும் வரைவட்டைகளை, ஆறெட்டாக ஒரு சட்டத்தில் கோத்து அமைப்பது ஒருவகை. துழாவலையன்றி வேறொன்றும் அறியாத தனிப்பொறி மற்றொருவகை.

முன்னதை எடுத்துக்கொள்க. என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்சு. 3060 டி.ஐ. என்னும் வரைவட்டை, ஆலையிலிருந்து வந்தபடியே ஓடினால் 200 வாட்டு வரை உண்ணும். அதன் மின்னழுத்தத்தையும் உட்கருவின் விரைவையும் தாழ்த்தி, நினைவகத்தின் விரைவை மட்டும் உயர்த்தினால், ஈதர் என்னும் காசைத் துழாவும் வேலையை ஏறத்தாழக் குறைவின்றி 125 வாட்டிலேயே செய்து முடித்தது. ஆறு அட்டைக்கு 750 வாட்டு. தாய்ப்பலகை, செயலி, விசிறி ஆகியவற்றிற்கு 80 எனக் கொள்க. ஆக 830. இது பொறியின் உள்ளே ஓடுவது. சுவரிலிருந்து இழுப்பது இதனினும் மிகுதி. மின்வழங்கி நூற்றுக்குத் தொண்ணூறு திறமுடையதாயினும் 920 வாட்டு இழுக்கும். மலிவான மின்வழங்கி ஆயிரத்தையும் தொடும். திரையில் மென்பொருள் காட்டும் எண்ணை நம்பிக் கணக்கிடுவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். செருகிக்கும் சுவர்க்குழிக்கும் நடுவே ஒரு வாட்டளவியைப் பொருத்தி அளந்த எண்ணைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும்.

920 வாட்டு ஒரு நாளைக்கு 22 அலகு. இரு திங்களுக்கு ஏறத்தாழ 1,325 அலகு. தமிழ்நாட்டில் இரு திங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கின்றனர் என்பதும், அலகு ஏற ஏற விலையும் ஏறும் என்பதும் எல்லாரும் அறிந்தவை. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 400 அலகு செலவிட்ட ஒரு வீடு, முதல் நூறு அலகு விலையின்றிப் பெற்று, எஞ்சியதற்கு 1,125 உருபா செலுத்திற்று. அவ்வீட்டிலேயே இப்பொறியும் ஓடினால் மொத்தம் 1,725 அலகு. 500 அலகைத் தாண்டியதால் 2.25 உருபாச் சலுகைப்படி பறிபோகும். 1,000 அலகுக்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் 11 உருபா. கூட்டினால் 14,525 உருபா. பொறி உண்ட ஒவ்வோர் அலகும் வீட்டுக்காரர்க்கு ஏறத்தாழப் பத்து உருபா ஆகின்றது! அதற்குப் பின் கட்டணம் மேலும் ஏறிற்று. 'அலகுக்கு நாலரை உருபாதானே' என்று அட்டவணையின் ஒரு வரியைக் காட்டி விற்போர், பொறியின் அலகுகள் வந்து விழுவது அட்டவணையின் அடிவரியில் என்பதைச் சொல்லார்.

மற்று, இவ்வரைவட்டைப் பொறிகளின் கதையும் முடிந்துவிட்டது. ஈதர்க் காசின் வலைப்பின்னல் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் துழாவலையே கைவிட்டு, காசைப் பிணை வைப்பார்க்குப் பரிசளிக்கும் முறைக்கு மாறிற்று. அதனால் அவ்வலைப்பின்னலின் மின்செலவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலாகக் குறைந்தது. முந்தின நாள் வரை ஈட்டிய பொறி மறுநாள் வெறுஞ்சட்டமாயிற்று. வேறு சிறு காசுகளின் பக்கம் அதனைத் திருப்பினர். எல்லாரும் ஒருங்கே திரும்பவே அங்கும் பங்கு சிறுத்தது. பழைய தமிழ் நூல்களின் ஏட்டுப் படங்களை எழுத்தாக மாற்றுவது போன்ற கணிப்பணிகட்கு அவ்வட்டைகள் இன்றும் உதவும் என்பது ஓர் ஆறுதல்.

இன்னமும் அத்தகைய பொறியைக் கோக்க விழைவார் ஒன்றை மறத்தலாகாது. வரைவட்டையைத் தாய்ப்பலகையோடு சேர்க்கும் இடையிணைப்புக்கு மின் தருவதற்குச் சேட்டா என்னும் தட்டையான செருகியைப் பயன்படுத்துவார் பலர். அச்செருகி தாங்கவல்லது 54 வாட்டு. வரைவட்டைக் குழியோ 75 வாட்டு வரை இழுக்கலாம். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கும்பொழுது ஒன்றும் நேராது. திங்கட்கணக்கில் இரவும் பகலும் ஓடுங்கால் செருகி இளகும், கருகும், பற்றும். வீட்டார் உறங்கும் பொழுதில் இது நிகழ்ந்தால் காசைப் பற்றிய பேச்சுக்கே இடமிராது. ஆறு முனையுடைய தடித்த செருகியைக் கொண்டே இணைத்தல் வேண்டும். ஒரே வடத்தில் இரண்டு மூன்றைத் தொங்கவிடுதலும் கூடாது.

தனிப்பொறிக்கு வருவோம். பிட்மைன் நிறுவனம் 2023இல் அறிவித்த ஆண்ட்மைனர் எசு 21 நொடிக்கு 200 இலக்கங்கோடி, அஃதாவது இரண்டு கோடி கோடி முறை துழாவும். 3,500 வாட்டு உண்ணும். நாளொன்றுக்கு 84 அலகு! 230 வோல்ட்டில் அது 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கின்றது. வீட்டிலுள்ள பெரிய குழி 16 ஆம்பியர்தானே, போதுமே எனின், போதாது. நீர்ச்சூடேற்றி கால்மணி ஓடி நிற்கும், இப்பொறி நிற்பதேயில்லை. இடையறாச் சுமையைக் காப்பியின் அளவில் நூற்றுக்கு எண்பதுக்குள் அடக்குக என்பது அமெரிக்க மின்னிணைப்பு விதி. அதன்படி 16 ஆம்பியருக்கு 12.8 ஆம்பியரே எல்லை. ஆகவே தனி வடம், தனிக் காப்பி, செம்மையான நிலத்தொடுப்பு ஆகிய மூன்றும் இன்றி இதனைத் தொடவே கூடாது. கிளைப்பலகையில் செருகி ஓட்டுவது வீட்டுக்குக் கொள்ளி வைப்பதாகும்.

இதன் இரைச்சல் 75 தெசிபெல். உறங்குவோர்க்கும் படிக்கும் பிள்ளைகட்கும் அவ்வறை பயன்படாது. வெப்பமோ அதனினும் கொடிது. பொறி உண்ணும் மின் முழுதும் இறுதியில் வெப்பமாகவே அறைக்குள் கொட்டுகின்றது. ஒரு வாட்டும் காசாக மாறி வெளியேறுவதில்லை. ஒரு டன் குளிர்ப்பொறி ஓயாது ஓடினால் வெளியேற்றும் வெப்பம் 3,517 வாட்டு. அஃதாவது இவ்வொரு பொறியின் சூட்டை அகற்றவே ஒரு டன் குளிர்ப்பொறி முழுமூச்சாக இரவும் பகலும் உழைத்தல் வேண்டும். அதற்கும் மின்கட்டணம் உண்டு. பனி பெய்யும் நாடுகளில் இச்சூட்டால் வீட்டை வெதுவெதுப்பாக்கிக்கொள்வர். அங்கு மின் இருமுறை பயன்படுகின்றது. வேலூர் வெயிலில் அஃது இருமுறை செலவாகின்றது. பலகணியில் வெளியேற்று விசிறியைப் பொருத்திச் சூட்டை வெளியே தள்ளுவது குளிர்ப்பொறியினும் மலிவானது. எனினும் கோடையில் உள்ளே வரும் காற்றே நாற்பது பாகை.

இத்தனைக்கும் கிடைப்பது யாது? 2024இல் உலகத் துழாவுபொறிகள் அனைத்தின் கூட்டு விரைவு நொடிக்கு ஐம்பது நூறாயிரம் கோடி கோடியைத் தாண்டியிருந்தது. அவ்வளவு எனவே கொண்டாலும் இப்பொறியின் பங்கு இருபத்தைந்து நூறாயிரத்தில் ஒன்று. தனித்து ஓடினால் நாற்பத்தேழு ஆண்டுகட்கு ஒருமுறை பரிசு வாய்க்கலாம். கூட்டணியில் சேர்ந்து பங்கு பெற்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 18,000 சடோசி. ஒரு பிட்காயின் என்பது பத்துக் கோடி சடோசி. அதனை அன்றைய விலையால் பெருக்கி, 84 அலகின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒவ்வொருவரும் செய்யத்தக்க எளிய கணக்கு. உலக விரைவு இருமடங்கானால் 18,000 என்பது 9,000 ஆகும். 84 அலகோ 84 அலகாகவே நிற்கும்.

மலிவாகக் கிடைக்கின்றதென்று பழம்பொறி வாங்குவார் உளர். 2016இல் வந்த எசு 9 நொடிக்குப் பதின்மூன்றரை நூறாயிரம் கோடி முறை துழாவி, 1,300 வாட்டுக்கு மேல் உண்ணும். புதுப்பொறியின் வேலையில் பதினைந்தில் ஒரு பங்கைச் செய்து, அதன் உணவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உண்பது அது. விலையின்றிக் கொடுத்தாலும் அது தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் கடன்காரனே.

மின்வெட்டின்போது வீட்டு மின்கலத்தில் ஓட்டலாம் என்பாரும் உளர். 12 வோல்ட்டு, 150 ஆம்பியர்-மணி மின்கலம் நிறைந்திருந்தால் அதனுள் இருப்பது 1.8 அலகு. முன்சொன்ன ஆறட்டைப் பொறி இரண்டு மணி நேரத்துக்குள் அதனை உறிஞ்சிவிடும். வீட்டில் விளக்கும் விசிறியும் இருக்கா.

வரியும் உண்டு. 2022 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து இந்திய அரசு இத்தகு காசுகளின் ஈட்டத்துக்கு நூற்றுக்கு முப்பது வரி விதித்தது. வாங்கிய விலையன்றி வேறு செலவைக் கழித்தல் இயலாது. துழாவுவோர் செலுத்திய மின்கட்டணத்தை அரசு கேட்பதில்லை.

அறிவு வேட்கையால் இதனைக் கற்க விழையும் இளைஞர்க்கு வழியே இல்லையோ எனின், உண்டு. பிட்டாக்சு என்னும் கையளவுப் பொறி, வரைபடம் மறைக்கப்படாத திறந்த ஆக்கம். ஏறத்தாழ 18 வாட்டில் நொடிக்கு ஒன்றேகால் நூறாயிரம் கோடி முறை துழாவுகின்றது. அதற்கு 5 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்குக் குறையாது இடைவிடாமல் தரவல்ல மின்வழங்கி வேண்டும். எளிய கைப்பேசி மின்னேற்றி தளர்ந்துவிடும். இரு திங்களுக்கு 26 அலகுதான் செலவு. முன்சொன்ன உலக விரைவில் அது தனித்துப் பரிசு பெற ஏறத்தாழ எண்ணாயிரம் ஆண்டு ஆகும். தமிழ்நாட்டில் 2003இல் ஒழிக்கப்பட்ட பரிசுச்சீட்டைப் போன்றதே அது. ஆயினும் மின்னையும் எண்ணையும் கற்பிக்கும் பரிசுச்சீட்டு.

கதிரவன் ஒளியால் மின் பெற்று ஓட்டினால் செலவில்லையே என்னும் ஐயம் எழும். கூரையில் ஒரு கிலோவாட்டுத் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும். 22 அலகு உண்ணும் ஆறட்டைப் பொறிக்கு ஐந்தரைக் கிலோவாட்டுத் தகடு வேண்டும். இரவிலோ மின்வாரியக் கம்பியே துணை. அத்தகட்டுக்கு முதலீடு செய்தவர், கூரையில் விளைந்த அலகுகளைக் கொண்டு முதலில் தம் வீட்டுக் கணக்கின் உயர்ந்த படிகளைக் கழித்துக்கொள்ளலாம். 2022ஆம் ஆண்டுக் கட்டணப்படி அங்கு ஓர் அலகின் மதிப்பு எட்டு முதல் பதினோர் உருபாவாக இருந்தது. அதே அலகைத் துழாவுபொறியில் இட்டால் எத்தனை உருபா வருகின்றது என்பதை, வாட்டளவியைப் பொருத்தி ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்தவர்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.