மூவாயிரம் அடி உயரத்தில் ஒரு பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அமெரிக்க அனுபவம் பத்திப் பேசுப்பா" என்றார்கள். சம்பளம், பனி, காரெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் ஒரே ஒரு விமானப் பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மிச்சிகனில் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் பொழுதுபோக்காக விமானம் ஓட்டுவார். ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போனார். எரிபொருள் செலவில் பாதி என் பங்கு! செஸ்னா 172, நாலு பேர் நெருக்கி உட்காரலாம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் தரை முழுசாகத் தெரியும்.

மூவாயிரம் அடியிலிருந்து பார்த்தால் ஊரே கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. 1785-ல் அங்கே சட்டம் போட்டு நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக அளக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் 36 கட்டங்கள், ஒரு கட்டம் 640 ஏக்கர். இன்றும் பல ரோடுகள் அந்தக் கோட்டிலேயே போகின்றன.

ஆனால் உழுத நிலத்தில், அந்த நேர்கோடுகளைக் கொஞ்சமும் மதிக்காமல், கறுப்பாக வளைந்து வளைந்து சில தடங்கள் தெரிந்தன. என்னவென்று கேட்டேன். "பழைய நீர்வழி. மேலே உழுதாலும் ஈரம் அங்கேதான் நிற்கும்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. விமானம் ஆடியதால் அல்ல.

நான் ஒரகடம் பக்கத்துக் கிராமத்துக்காரன். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். அப்பா கம்பெனி பஸ் ஓட்டித்தான் என்னை இங்கே படிக்க வைத்தார். ஆகவே தொழிற்சாலைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. என்னைக் குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2012-ல் சிவில் முடித்து ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்தேன். எங்கள் ஊருக்கு மேலேயே ஒரு ஷெட் வேலை. மனையின் குறுக்கே ஒரு கால்வாய், ஆறடி அகலம், மூன்றடி ஆழம். வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும். அதை மூடி இரண்டடிக் குழாய் போட வரைபடம் தயாரித்தவன் நான். ஊர் நீர்க்கட்டி வந்து, "தம்பி, இது சும்மா பள்ளம் இல்ல. மழ வந்தா தண்ணி இப்பிடித்தான் போவும்" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். 18 சதுர அடி வழியில் போக வேண்டிய தண்ணீருக்கு நான் விட்ட இடம் வெறும் 3 சதுர அடி. முதல் செமஸ்டர் பையன் போடுகிற கணக்கு!

2015 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்பா டிவியைத் தலையில் சுமந்துகொண்டு வெளியே வந்தார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வருஷம் ஊருக்கு வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். நம்ம பக்கம் கட்டம் கிடையாது. எங்கே பார்த்தாலும் வளைந்த கரைகள். சரிவு எப்படியோ கரையும் அப்படி. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் கடைசியில் செம்பரம்பாக்கத்துக்குத்தான் வருகிறது. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட அந்த ஏரி தனி ஏரியே இல்லை. ஒரு சங்கிலியின் கண்ணி. நான் மூடியதும் அப்படி ஒரு சின்னக் கண்ணிதான்.

தம்பி தங்கைகளே, இதைப் பார்க்க உங்களுக்கு விமானம் வேண்டாம். கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களும் இருக்கின்றன. ஒரு மனைக்கு வரைபடம் போடுமுன் அதைப் பாருங்கள், கிராம வரைபடத்தைப் பாருங்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரோடு மழைக்காலத்தில் நடந்து பாருங்கள். நம் கல்லூரியைச் சுற்றியுள்ள வரத்துக் கால்வாய்களை வரைந்து பதிவு செய்ய இறுதியாண்டு மாணவர்கள் முன்வந்தால், அதற்கான செலவு என்னுடையது.

போன வாரம் அந்த நீர்க்கட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "இப்ப எதுக்கு தம்பி அதெல்லாம்? அடுத்த பிளான்ல பாத்துக்க" என்றார்.

அதையே உங்களிடமும் சொல்லி முடிக்கிறேன்.