கடலை இலைக்குள் ஒரு புழு

சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் வேர்க்கடலையை அறியாதவர் இல்லை. மல்லாட்டை என்று சொல்வாரும் உண்டு. வானம் பார்த்த பூமியில் கைக்குக் காசு தரும் பயிர் இது. கடலை விளைந்தால் கடன் அடையும். கொடி மாட்டுக்குத் தீனி ஆகும். கடலை போனால் குடும்பமே தள்ளாடும்.

அந்தக் கடலைக்கு ஒரு சின்னப் பகைவன் உண்டு. அதன் பெயர் சுருள்பூச்சி.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பயிர் முளைத்து 30 நாள் ஆகிறது. பத்து நாளாக மழை இல்லை. மனைவி களை எடுக்கிறாள். சில இலைகளில் பழுப்பு நிறத்தில் சிறு கொப்புளங்கள் தெரிகின்றன. சில இலைகள் மடிந்து ஒட்டியிருக்கின்றன.

"ஏங்க, இங்கே வந்து பாருங்க" என்கிறாள்.

"வெயிலுக்குக் காயுது. வேற என்ன?" என்கிறான் கணவன்.

அவள் மடிந்த இலையைப் பிரிக்கிறாள். உள்ளே ஒரு புழு. வெளிர் பச்சை உடம்பு, கருத்த தலை. பிரித்ததும் நெளிகிறது.

இந்தப் புழு எங்கிருந்து வந்தது? இதன் தாய் ஒரு சின்ன அந்துப்பூச்சி. நீளம் சுமார் 6 மில்லிமீட்டர். ஓர் அரிசி நீளம்தான். நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. முன் இறக்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது இலைகளின் அடியில் ஒவ்வொரு முட்டையாக இடும். மூன்று, நான்கு நாளில் முட்டை பொரியும்.

இலைக்கு மேல் தோல், அடித் தோல் என இரண்டு தோல் உண்டு. பொரித்த புழு இலையைத் துளைத்து நடுவே புகுந்துவிடும். தோலை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பச்சையை மட்டும் தின்னும். அந்த இடம்தான் கொப்புளம்போலத் தெரிகிறது. சில நாளில் புழு பெரிதாகும். அந்த இடம் போதாது. வெளியே வந்து, வாயிலிருந்து நூல் விட்டு இலைகளை மடித்து ஒட்டும். அந்த மடிப்புக்குள் இருந்தே தின்னும். அங்கேயே கூட்டுப்புழு ஆகும். பிறகு அந்தாகப் பறக்கும். மழைக்காலப் பயிரில் மூன்று, நான்கு வாரத்தில் இத்தனையும் முடிந்துவிடும். பிறகு அடுத்த தலைமுறை தொடங்கும்.

குளிர் நாடுகளில் ஓக் என்ற பெரிய மரம் உண்டு. அதன் இலைக்குள்ளும் இப்படிச் சில சிறு புழுக்கள் வாழ்கின்றன. ஆனால் அந்த மரம் பல நூறு ஆண்டு வாழும். சில இலை போனாலும் தாங்கும். நம் கடலையின் வயதோ மூன்றரை மாதம். அதற்குள் பூக்க வேண்டும், விழுது இறக்க வேண்டும், காய்க்க வேண்டும். இலை போனால் காய்க்கு உணவு ஏது?

மழை நின்று வறட்சி வந்தால் இந்தப் பூச்சி பெருகும். நல்ல மழை பெய்தால் குறையும். புழு மிகுந்தால் வயல் முழுவதும் தீய்ந்தது போல இருக்கும். அதனால்தான் பலர் வெயில் என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

அந்தக் குடும்பத்துக்குத் திரும்புவோம். கணவன் பதறுகிறான்.

"கடனோ உடனோ வாங்கி இப்பவே மருந்து அடிச்சிடறேன்."

"கொஞ்சம் இருங்க. முதல்ல எண்ணிப் பார்ப்போம்" என்கிறாள் மனைவி.

இதுதான் சரியான வழி. வயலில் அங்கங்கே 10 செடிகளைப் பாருங்கள். உயிருள்ள புழுக்களை எண்ணுங்கள். மொத்தம் 30 புழு என்றால் செடிக்கு 3. முளைத்த 30 நாள் வரை செடிக்கு 5 புழுவுக்குக் குறைவாக இருந்தால் மருந்து வேண்டாம். 50 நாளில் 10 புழு வரை பயிர் தாங்கும். 70 நாளில் 15 வரை தாங்கும். சில நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

ஏன் பொறுக்க வேண்டும்? இந்தப் புழுவுக்கும் பகைவர்கள் உண்டு. சிறு குளவிகள் புழுவின் மேல் முட்டையிடும். குளவிக் குஞ்சு அந்தப் புழுவையே தின்று வளரும். சிலந்திகளும் நமக்குத் துணை. கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது இந்த நண்பர்கள். மடிப்புக்குள் இருக்கும் புழுவோ தப்பிவிடும். பணம் போகும், பூச்சி போகாது.

செலவு குறைந்த வழிகள் உண்டு. நான்கு வரிசை கடலைக்கு ஒரு வரிசை கம்பு போடுங்கள். குளவிகள் பெருகும். கடலை மேல் கடலை போடாமல், அடுத்து கேழ்வரகோ சோளமோ போடுங்கள். இரவில் விளக்குப் பொறி வையுங்கள். அந்துகள் வந்து விழும்.

வேப்பங்கொட்டைக் கரைசலும் உதவும். 5 கிலோ பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். 100 லிட்டராகத் தண்ணீர் சேருங்கள். 200 கிராம் சோப்பைக் கரைத்து ஊற்றுங்கள். மாலையில் தெளியுங்கள். புழு சிறிதாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும்.

எண்ணிக்கை மிஞ்சினால் மருந்து தேவைப்படலாம். அப்போது கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். திருப்பதியில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாராயணி, தரணி என்ற கடலை ரகங்கள் அங்கே உருவானவைதான். 1800-180-1551 என்ற விவசாயிகள் எண்ணில் காசில்லாமல் பேசலாம்.

மருந்துப் புட்டியின் தாளை நீங்களே படியுங்கள். அதில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பிறகு பச்சை. பச்சையும் நஞ்சுதான். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கையெழுத்துப் போடவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொண்டீர்கள். அந்தப் படிப்பை வயலுக்கும் கொண்டு போங்கள். வாரம் ஒருமுறை வரப்பில் நின்று பார்த்தால் போதாது. உள்ளே இறங்குங்கள். குனியுங்கள். இலையைப் பிரித்துப் பாருங்கள். புழுவை எண்ணி, நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

அந்தக் குடும்பம் அன்று கடன் வாங்கவில்லை. செடிக்கு 3 என்று எழுதி வைத்தது. நான்கு நாள் கழித்து மறுபடி எண்ணப் போகிறது.

நீங்களும் எண்ணுங்கள்.